திரும்பி வந்த அறிஞர் – ஆர்னே டிசேலியஸ்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்

அறிவியல் அறிஞர்களின் வாழ்க்கையை நாம் பெரும்பாலும் தேர்வுக்காகவே படிக்கிறோம். பிறந்த ஆண்டு, கண்டுபிடிப்பு, பெற்ற பரிசு, மறைந்த ஆண்டு என்று நான்கு வரிகளில் ஒரு வாழ்க்கை அடங்கிவிடுகிறது. அந்த நான்கு வரிகளுக்கு நடுவே அம்மனிதர் எத்தனை நாள் தயங்கி நின்றார், எத்தனை முறை மனம் சலித்தார் என்பதை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அவ்வாறு மனம் சலித்து, தாம் தொடங்கிய வேலையை விட்டு விலகிப் போய், மீண்டும் அதற்கே திரும்பி வந்து வென்ற ஓர் அறிஞரைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். அவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஆர்னே டிசேலியஸ். 1948-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

ஒரு தடித்த பட்டை

சென்ற பருவத்தில் எங்கள் துறை ஆய்வகத்தில் ஆட்டு ஈரலிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அகரோஸ் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகரோஸ் பொடியைக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ஆறியதும் உறைந்து கட்டியாகிவிடும். அதன் ஓரத்தில் உள்ள சிறு குழிகளில் டி.என்.ஏ. கரைசலை இட்டு மின்சாரம் செலுத்த வேண்டும். டி.என்.ஏ.வில் உள்ள பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின் சுமை கொண்டவை. ஆகவே அது நேர்மின்முனையை நோக்கி நகரும். சிறிய துண்டுகள் முன்னே ஓடும். பெரிய துண்டுகள் பின்தங்கும். இதற்கு எலக்ட்ரோஃபோரசிஸ் என்று பெயர். முடிவில் ஏணிப்படிகளைப் போல் வரிவரியாகத் தெரியும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள்.

புறஊதா விளக்கின் மேல் வைத்துப் பார்த்தபோது எங்கள் குழுவின் ஜெல்லில் ஏணியும் இல்லை, படியும் இல்லை. குழிக்குச் சற்றுக் கீழே தடித்த பட்டை ஒன்றே ஒன்று நின்றது.

ஏற்கெனவே முதலாம் ஆண்டில் துணைப்பாடமான வேதியியலில் அரியர் வைத்திருந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான்தான். அப்பா கைத்தறி நெசவாளர். அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. படிப்பு நமக்கு வராது போலிருக்கிறது, பேசாமல் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்தத் தடித்த பட்டை என் எண்ணத்துக்கு முத்திரை குத்துவது போல் இருந்தது.

எங்கள் பேராசிரியர் வந்து பார்த்தார். இது பிழை அன்று, வெட்டப்படாத நீண்ட டி.என்.ஏ. இப்படித்தான் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்றார். ஏன் அப்படி என்பதை நூலகத்தில் படித்துவிட்டு வந்து வகுப்பில் சொல்லும்படி என்னையே பணித்தார். அந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனபோதுதான் டிசேலியஸின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

இளமையும் கல்வியும்

டிசேலியஸ் 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது நிரம்பும் காலத்தில், 1906-இல் தந்தை இறந்துவிட்டார். தாயார் பிள்ளைகளோடு கணவரின் உறவினர்கள் வாழ்ந்த கோதன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பள்ளியில் படிக்கும்போதே சிறுவனுக்கு வேதியியலில் தீராத ஆர்வம் உண்டாயிற்று. தகுந்த ஆசிரியர் ஒருவரும் வாய்த்தார்.

1921-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் அங்கே சென்றதற்குக் காரணம் தியோடர் ஸ்வெட்பெர்க் என்ற பேரறிஞர். நுண்துகள்களையும் புரதங்களையும் அதிவேகத்தில் சுழற்றிப் பிரித்து ஆராயும் கருவியை அமைத்து, 1926-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். டிசேலியஸ் வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய மூன்றிலும் தேர்ந்து 1924-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஸ்வெட்பெர்க்கின் ஆய்வு உதவியாளர் ஆனார்.

ஆசிரியர் மாணவருக்கு ஒரு தனி வேலை கொடுத்தார். புரதங்களுக்கு மின்சுமை உண்டு. கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் அவை நகரும். ஒவ்வொரு புரதமும் தன் சுமைக்கும் உருவத்துக்கும் ஏற்ற வேகத்தில் நகர்வதால், அந்த வேகத்தைக் கொண்டே அவற்றை அடையாளம் காணவும் பிரிக்கவும் முடியலாம். இந்த முறையைச் செம்மைப்படுத்துவதே அவருக்கு இடப்பட்ட பணி.

மனநிறைவு தராத பட்டம்

ஐந்து ஆண்டுகள் உழைத்தார். யு வடிவக் கண்ணாடிக் குழாயில் கீழே புரதக் கரைசலும் மேலே தாங்கல் கரைசலும் நிரப்பி, இரண்டும் தொடும் எல்லை மின்சாரத்தால் எவ்வாறு நகர்கிறது என்பதை அளந்தார். 1930-இல் இந்த ஆய்வே அவருக்கு முனைவர் பட்டம் பெற்றுத் தந்தது. அந்த ஆய்வேடு பல ஆண்டுகள் இத்துறையில் வழிகாட்டியாக விளங்கிற்று.

ஊரார் பாராட்டிய அந்த வேலை அவருக்கு நிறைவு தரவில்லை. காரணம் இதுதான். மின்சாரம் பாயும்போது கரைசல் சூடேறுகிறது. குழாயின் நடுப்பகுதி மிகவும் சூடாகவும் ஓரம் சற்றுக் குளிர்ந்தும் இருக்கிறது. சூடான நீர் மேலே எழும்ப, குளிர்ந்த நீர் கீழே இறங்க, குழாய்க்குள்ளேயே ஒரு சுழற்சி உண்டாகிறது. கஷ்டப்பட்டுப் பிரித்த புரதங்கள் மீண்டும் கலந்து எல்லை மங்கிவிடுகிறது. மின்சாரத்தைக் குறைத்தால் பிரிவதில்லை, கூட்டினால் கலங்கிவிடுகிறது. இரத்த நீரில் உள்ள புரதம் ஒன்றல்ல, பல இருக்க வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார். அதைத் தெளிவாகக் காட்ட அவர் கருவியால் இயலவில்லை.

மற்றவர் கண்ணில் வெற்றியாகத் தெரிந்ததைத் தம் கண்ணில் குறையாகப் பார்க்கும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. டிசேலியஸுக்கு வாய்த்தது. அதோடு சலிப்பும் வந்தது. அவர் புரதத்தை விட்டு விலகி, சியோலைட் எனப்படும் கனிமப் படிகங்களுக்குள் நீராவியும் வாயுக்களும் எவ்வாறு ஊடுருவுகின்றன என்பதை ஆராயத் தொடங்கினார். நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளுக்குள் மூலக்கூறுகள் எப்படி நடமாடுகின்றன என்பதே அந்த ஆராய்ச்சி.

அமெரிக்கப் பயணமும் மனமாற்றமும்

1934-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஹியூ டெய்லர் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வகத்தில் சியோலைட் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அதே ஊரில் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் கிளை ஒன்று இருந்தது. நொதிகளைத் தூய படிகமாக்கிக் கொண்டிருந்த நார்த்ரப், புகையிலை வைரசைப் படிகமாக்க முயன்றுகொண்டிருந்த ஸ்டான்லி ஆகியோர் அங்கே பணிபுரிந்தனர். அவர்களோடு பழகப் பழக டிசேலியஸுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. உயிரியல் உலகம் புரதங்களைப் பிரிக்க நல்ல வழியின்றித் தவிக்கிறது. தாம் குறை என்று எண்ணிக் கைவிட்ட அதே வேலைதான் எல்லோருக்கும் தேவைப்படுகிறது!

விலகி வந்த வேலையை அவர் மீண்டும் எண்ணிப் பார்த்தார். அதன் குறைகள் அனைத்தையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகில் எவரும் இலர். ஆகவே அவற்றை நீக்கவும் அவரே தகுந்தவர். 1935-இல் உப்சாலாவுக்குத் திரும்பியதும் புதிய கருவியை அமைக்க முற்பட்டார்.

1937: புதிய கருவி

அவர் செய்த மாற்றங்களைக் கேட்டால் எளிமையாகத் தோன்றும். நீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த வெப்பநிலைக்கு அருகில் நீர் சற்றுச் சூடேறினாலும் அடர்த்தி ஏறக்குறைய மாறுவதில்லை. அடர்த்தி மாறாவிட்டால் மேலும் கீழும் சுழற்சி எழாது. டிசேலியஸ் குழாயைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். உருண்டைக் குழாய்க்குப் பதிலாகத் தட்டையான, செவ்வக வாய் உடைய குழாயைப் பயன்படுத்தி வெப்பம் விரைவில் வெளியேறச் செய்தார். குழாயைப் பல பகுதிகளாகப் பிரித்து, பிரிந்த புரதத்தைத் தனியே எடுக்கவும் வழி செய்தார். நிறமற்ற கரைசலில் எல்லைக் கோட்டைக் காண, ஒளி விலகலால் நிழல் விழும் முறையைக் கையாண்டார். கானல் அலையும்போது அதன் பின்னால் உள்ள பொருள் நெளிவதைப் பார்க்கிறோமே, அதே தத்துவம்தான்.

குதிரையின் இரத்த நீரை அதில் இட்டுப் பார்த்தபோது, ஆல்புமின் தனியாகவும், குளோபுலின் மூன்று பிரிவுகளாகவும் பிரிந்து நின்றன. அந்த மூன்றுக்கும் ஆல்பா, பீட்டா, காமா என்று அவர் இட்ட பெயர்களே இன்றும் நம் பாடநூலில் உள்ளன.

இந்த வெற்றியைக் கட்டுரையாக எழுதி உயிர்வேதியியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். இதில் இயற்பியல்தான் மிகுந்திருக்கிறது என்று கூறி அவர்கள் திருப்பிவிட்டார்கள். பின்னர் 1937-இல் இங்கிலாந்தின் ஃபாரடே கழகத்தின் இதழில் அது வெளிவந்தது. திருப்பி அனுப்பப்பட்ட அக்கட்டுரை பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்த பணிகளில் தலையாயது. பரிசு பெற்றபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. மேற்பரப்பில் ஒட்டும் தன்மையைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் முறையில் அவர் செய்த ஆய்வும் அப்பரிசில் சேர்த்துக் குறிப்பிடப்பட்டது.

மனித குலத்துக்குக் கிடைத்த பயன்

1938-இல் உப்சாலாவில் டிசேலியஸுக்கென்றே உயிர்வேதியியல் பேராசிரியர் பதவி ஒன்று உருவாக்கப்பட்டது. அவரிடம் ஆய்வு செய்ய வந்த எல்வின் கபாட் என்ற அமெரிக்க இளைஞரும் அவரும் சேர்ந்து, நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் காமா குளோபுலின் பகுதியில் இருப்பதை 1939-இல் வெளியிட்டனர். முயலுக்கு முட்டைப் புரதத்தைச் செலுத்தி எதிர்ப்பொருளை உண்டாக்கினர். பின் இரத்த நீரிலிருந்து அதனை நீக்கினால், காமா பகுதி சிறுத்துப் போவதைக் கண்டனர். நோயெதிர்ப்பியலில் நாம் படிக்கும் பல பக்கங்களின் தொடக்கம் இதுவே.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டத்தாரும் அரிவாள் செல் சோகை உடையவரின் ஹீமோகுளோபினும் நலமுள்ளவரின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினர். ஒரு மூலக்கூறின் மாற்றமே ஒரு நோய்க்குக் காரணம் என்பது அப்போது விளங்கிற்று. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே, 1952-இல். அந்நோயை உறுதி செய்ய இன்றும் கையாளப்படும் முறைகளில் எலக்ட்ரோஃபோரசிஸும் ஒன்று.

குழாயிலிருந்து கட்டிக்கு

டிசேலியஸின் கருவி சுமார் 20 அடி நீளம் உடையது. விலையும் அதிகம். எல்லாக் கல்லூரியும் வாங்கக்கூடியதன்று. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. நீளமான டி.என்.ஏ.வும் குட்டையான டி.என்.ஏ.வும் அந்தக் குழாயில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நகரும்! இழை இருமடங்கு நீளமானால் அதை இழுக்கும் மின்விசையும் இருமடங்கு ஆகிறது; நீர் கொடுக்கும் தடையும் இருமடங்கு ஆகிறது. ஒன்றை மற்றொன்று ஈடு செய்துவிடுவதால் வேகம் மாறுவதில்லை. வெறும் நீரில் டி.என்.ஏ.வை நீளத்தின்படி பிரிக்க இயலாது. வழியில் ஏதேனும் தடை வேண்டும்.

அந்தத் தடையே ஜெல். 1955-இல் கனடாவில் ஆலிவர் ஸ்மிதீஸ் மாவுச்சத்துக் கட்டியில் புரதங்களை ஓட்டிக் காட்டினார். சிறுவயதில் தாயார் துணிக்குக் கஞ்சி போடும்போது அது ஆறி உறைவதைப் பார்த்தது அவர் நினைவுக்கு வந்ததாம். பாவுக்குக் கஞ்சி போடும் வீட்டில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஆய்வகத்தில் காய்ச்சிய அகரோஸை 1961-இல் எலக்ட்ரோஃபோரசிஸுக்குக் கொண்டுவந்தவர் ஸ்டெல்லான் யேர்ட்டேன். அவர் உப்சாலாவில் டிசேலியஸின் நிறுவனத்தில் வளர்ந்த ஆய்வாளர். தம் கருவியை ஓரங்கட்டப் போகும் முறை தம் மாணவர் கூட்டத்திலிருந்தே வருவதைக் கண்டு மகிழ்வது எத்தகைய ஆசிரியப் பண்பு!

நீண்ட இழையின் நடை

ஜெல்லுக்குள் இழைகள் வலை போல் பின்னிக் கிடக்கின்றன. நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு அந்த வலைக்கண்களில் சுருண்டு நெளிந்து கிடக்கிறது. அது பந்து போல் உருண்டு போக முடியாது. அதன் ஒரு நுனி ஏதாவதொரு துளையில் நுழையும். மீதி உடல் நுனி போன வழியிலேயே ஊர்ந்து செல்லும். அச்சுக் கண்ணில் பாவு நூலைக் கோக்கும்போது நுனி எந்த வழியில் நுழைகிறதோ அந்த வழியில்தான் நூல் முழுவதும் வரும். நீண்ட மூலக்கூறுகள் தடைகளுக்கிடையே இப்படிப் பாம்பு போல் ஊர்கின்றன என்ற கருத்தை பிரெஞ்சு அறிஞர் டி ஜென் 1971-இல் வெளியிட்டார். அவர் அதற்கு இட்ட பெயரும் ஊர்வன என்ற பொருள் தரும் சொல்லிலிருந்தே பிறந்தது. 1982-இல் லெர்மன், ஃப்ரிஷ் ஆகியோரும், லம்ப்கின், சிம் ஆகியோரும் இக்கருத்தை ஜெல்லில் ஓடும் டி.என்.ஏ.வுக்குப் பொருத்திக் காட்டினர்.

இழை நெளிந்து கிடக்கும் வரை, நீளம் கூடக் கூட நடை தளரும். ஆகவே ஏணிப்படி கிடைக்கிறது. இழை மிக நீளமானால் நிலைமை மாறுகிறது. மின்புலம் அதை இழுத்து நீட்டித் தன் திசையிலேயே நிறுத்திவிடுகிறது. நேராக நீண்ட பின் இழுவிசையும் தடையும் நீளத்துக்கு ஏற்பச் சமமாகக் கூடுகின்றன. வெறும் நீரில் நடந்ததே இங்கும் நடக்கிறது! சாதாரண ஜெல்லில் சில பத்தாயிரம் இணைகளுக்கு மேல் நீளமான டி.என்.ஏ. அனைத்தும் ஒன்றாகவே நகர்கின்றன. எங்கள் ஜெல்லில் நின்ற தடித்த பட்டையின் இரகசியம் இதுதான்.

1984-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்வார்ட்ஸும் கேண்ட்டரும் இதற்கும் வழி கண்டனர். மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தனர். திசை மாறும்போதெல்லாம் இழை தன்னைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சிறியது சீக்கிரம் திரும்பிவிடும். நீண்டது திரும்ப நெடுநேரம் ஆகும். அந்த நேர வேற்றுமையே அவற்றைப் பிரித்துவிடுகிறது. இம்முறையால் ஈஸ்ட்டின் முழுக் குரோமோசோம்களையே தனித்தனியாகப் பிரித்தார்கள். 1989-இல் ஒளிரும் சாயம் ஏற்றிய ஒற்றை டி.என்.ஏ. மூலக்கூறுகளை நுண்ணோக்கியின் அடியில் பார்த்தபோது, அவை ஜெல் இழைகளில் கொக்கி போல் மாட்டிக்கொள்வதும், நீண்ட பக்கம் குட்டைப் பக்கத்தை இழுத்துக்கொண்டு நழுவுவதும், சுருங்கி மீண்டும் நீள்வதும் கண்ணாலேயே தெரிந்தன.

முடிவுரை

டிசேலியஸ் இவற்றைக் காண இருக்கவில்லை. உலக வேதியியல் சங்கத்தின் தலைவராகவும் நோபல் அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றி, 1971-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் தமது அறுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். நீண்ட மூலக்கூறு ஊர்ந்து செல்லும் என்ற கருத்து வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றொருவர் தொடங்கியிருக்கிறார்.

நண்பர்களே! டிசேலியஸ் 1930-இல் பெற்ற பட்டத்தோடு மனநிறைவு கொண்டிருந்தால் 1937 வந்திராது. சலித்து விலகியவர் திரும்பாமலே இருந்திருந்தாலும் வந்திராது. தம் வேலையில் உள்ள குறையை மறைக்காமல் பார்த்ததும், அந்தக் குறையிடமே திரும்பி வந்ததும்தான் அவருடைய பெருமை என்று எனக்குப் படுகிறது.

அந்தப் பட்டையைப் பற்றி வகுப்பில் கால் மணி நேரம் தமிழிலேயே பேசினேன். பேராசிரியர் இரண்டு இடங்களில் திருத்தினார். அன்று மாலையே வேதியியல் அரியர் தாளுக்குப் பணம் கட்டினேன். தேர்வையும் எழுதிவிட்டேன். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிவும் வந்திருக்கும். தேறினால் மகிழ்ச்சி, தேறாவிட்டால் மறுபடியும் எழுதுவேன். தறியில் உட்காரும் எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, அறுந்த நூல் ஒன்றின் நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.